கார்டு வேலை: நாடு நாடாகப் போய்க் கூடைப்பந்து ஆடுகிறவர்களின் பிழைப்பு எப்படி நடக்கிறது?

போன வாரம் ஒரு சாயங்காலம், பாளையங்கோட்டையில் நான் பையன்களுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுக்கிற சிமெண்டு கோர்ட்டுக்கு ஓர் அண்ணாச்சி வந்து நின்றார். பலசரக்குக் கடைக்காரர். அவருடைய மகன் ஒன்பதாம் வகுப்பு, எங்களிடம் கார்டு ஆடுகிறான். "சார், இவன் வெளிநாட்டுக்குப் போயி பந்து வெளையாடப் போறேன்னு வீட்டுல சொல்லிக்கிட்டுத் திரியுதான். அப்படி ஒரு வேலை நெசமாவே இருக்கா? சம்பளம் யாரு குடுப்பா? எத்தன வயசு வரைக்கும் ஓடும்?" என்று கேட்டார். கேலி எதுவும் இல்லை அதில், மகனைப் பற்றிய கவலைதான். பக்கத்தில் நின்ற பையனுக்கு வேறொரு கேள்வி இருந்தது: "எங்கப்பா அஞ்சரை அடி சார். நானும் அதுக்கு மேல வளர மாட்டேன்னு எல்லாரும் சொல்லுதாங்க."

நின்றபடியே பத்து நிமிஷம் பதில் சொன்னேன். வீட்டுக்கு வந்தபிறகு அது போதவே போதாது என்று பட்டது. கபடியும் வாலிபாலும் ஊருக்கு ஊர் ஆடுகிற சீமை இது, கோவில்பட்டிப் பக்கம் போனால் ஹாக்கி, கூடைப்பந்து மட்டும் பள்ளிக்கூட மதிலுக்குள்ளேயே தங்கிவிட்டது. அதனால் ஆட்டத்தைப் பார்த்தே இராதவர்களுக்கும் புரிகிற மாதிரி, கார்டு என்பவர் யார், அவர் எப்படிப் பிழைக்கிறார் என்று முதலிலிருந்து எழுதிவிடுகிறேன்.

ரயிலின் கடைசிப் பெட்டியில் நின்று பச்சைக்கொடி காட்டுகிறவரை நாம் கார்டு என்றுதான் சொல்லிவந்தோம். கூடைப்பந்தில் அந்தப் பெயர் வந்த கதையும் கிட்டத்தட்ட அப்படித்தான். 1891ல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு ஊரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இந்த ஆட்டத்தை உண்டாக்கிய காலத்தில், சிலர் முன்னே போய் அடிப்பார்கள், சிலர் பின்னாலேயே நின்று தங்கள் கூடையைக் காவல் காப்பார்கள். பின்னால் நின்றவர்கள் கார்டுகள். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது, வேலை முழுக்க மாறிவிட்டது. இன்றைக்கு ஓர் அணியின் ஐந்து பேரில் பந்து முதலில் வருவதே கார்டின் கைக்குத்தான். பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தைத் தொடங்குகிறவர் பாயிண்ட் கார்டு, அவரை ஒன்றாம் நம்பர் என்பார்கள். இரண்டாம் நம்பர் ஷூட்டிங் கார்டு, தூரத்திலிருந்து கூடையில் போடுவது அவருடைய முதல் வேலை. மீதி மூன்று பேர் இரண்டு ஃபார்வர்டும் ஒரு சென்டரும், பொதுவாக உயரமானவர்கள்.

பாயிண்ட் கார்டு என்ன செய்கிறார் என்பதை எங்கள் பையன்களுக்கு நான் கல்யாண வீட்டை வைத்துத்தான் சொல்வது. மறுவீட்டுச் சொதிச் சாப்பாட்டில் உட்கார்ந்திருப்பீர்கள். சொதி வாளி ஒருவர் கையில், இஞ்சித் துவையல் ஒருவர் கையில், உருளைக்கிழங்கு சிப்ஸ் இன்னொருவர் கையில் இருக்கும். பந்தி விசாரிக்கிற பெரியப்பா கையில் எதுவும் இருக்காது. ஆனால் நாலாவது இலையில் துவையல் தீர்ந்ததும், ஏழாவது இலைக்காரர் வேண்டாம் என்று கை மறைத்தாலும் மனசுக்குள் வேண்டும் என்று நினைப்பதும், கடைசி வரிசையில் ஒரு குழந்தை காரம் தாங்காமல் தண்ணீர் தேடுவதும் அவர் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். அவர் சரியில்லை என்றால் சமையல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பந்தி கெட்டுப்போகும். பாயிண்ட் கார்டு அந்தப் பெரியப்பா. ஒரு வித்தியாசம், இவர் ஓடிக்கொண்டே விசாரிக்க வேண்டும், எதிரில் ஒருவன் கையை நீட்டிப் பந்தைப் பறிக்கப் பார்த்துக்கொண்டே இருப்பான்.

அதற்கு நேரமும் கிடையாது. பந்து கைக்கு வந்த 8 விநாடிக்குள் நடுக்கோட்டைத் தாண்டியாக வேண்டும், 24 விநாடிக்குள் கூடையை நோக்கி அடித்தாக வேண்டும். புரோ கபடியில் ஒரு ரெய்டுக்கு 30 விநாடி, அதைவிடக் குறைவு இது.

இந்த 24 விநாடியில் உலகம் முழுக்கக் கார்டுகள் அதிகமாகச் செய்கிற காரியம் ஒன்று உண்டு, அதைப் புரிந்துகொண்டால் பாதி ஆட்டம் புரிந்த மாதிரி. பிக் அண்ட் ரோல் என்று பெயர். கார்டு பந்தைத் தட்டிக்கொண்டு நிற்கிறார், அவரை ஒருவன் மறிக்கிறான். நம் அணியின் உயரமான சென்டர் வந்து, மறிக்கிறவனின் பக்கவாட்டில் தூண் மாதிரி நின்றுகொள்கிறார். இதற்கு ஸ்கிரீன் என்று பெயர். அசையாமல் நிற்க வேண்டும், அசைந்து இடித்தால் ஃபவுல். கார்டு அந்தத் தூணை ஒட்டி வளைந்து போகிறார். இப்போது மறிக்கிறவன் என்ன செய்வான்? தூணுக்கு முன்பக்கமாகச் சுற்றித் துரத்தினால் ஓரடி பின்தங்குவான், கார்டு நேராகக் கூடைக்குப் போய்விடலாம். பின்பக்கமாகக் குறுக்கே வெட்டிப் போனால் முன்னால் இடம் கிடைக்கும், கார்டு நின்று தூரத்திலிருந்தே போடலாம். இரண்டு பேர் ஆள் மாற்றிக்கொண்டால் குட்டையான கார்டுக்கு எதிரில் நெட்டையான ஆள் வந்து நிற்பான், அவனால் சட்டென்று திரும்ப முடியாது. இரண்டு பேரும் சேர்ந்து கார்டு மேலேயே பாய்ந்தால், தூணாக நின்ற சென்டர் கூடையை நோக்கித் திரும்பி ஓடுவார், பந்தை அவருக்குத் தூக்கிக் கொடுக்க வேண்டும். இதற்கு நடுவே மூலையில் நிற்கிற மூன்றாவது எதிராளி உதவிக்கு வருகிறானா என்று ஓரக்கண்ணால் பார்த்தாக வேண்டும், அவன் நகர்ந்தால் மூலையில் நம் ஆள் தனியாக நிற்கிறான் என்று அர்த்தம். இத்தனையும் முடிவாக இரண்டு விநாடி.

எங்கள் பையன் இதில் செய்த தப்பு எல்லாரும் முதலில் செய்வதுதான். தூணுக்கும் தனக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி விட்டுப் போவான், அந்த ஒரு முழத்தில் எதிராளி நுழைந்துவிடுவான். கோர்ட் ஓரத்து விளக்குக் கம்பத்தைக் காட்டி, இதுதான் உன் சென்டர், தோள் உரசிப் போ என்றேன். இரண்டு வாரம் கழித்து அவன் பனியனில் வலது தோளில் மட்டும் பெயிண்ட் கறை. இடது பக்கம் சுத்தமாக இருந்தது. அதாவது ஒரு பக்கமாக மட்டும் போகிறான், இடது கையால் தட்டப் பயப்படுகிறான். அன்றையிலிருந்து பல் தேய்ப்பதிலிருந்து கதவு திறப்பது வரை எல்லாவற்றையும் இடது கையால் செய் என்று சொல்லியிருக்கிறேன்.

சரி, உயரம். கூடை 10 அடி உயரத்தில் இருக்கிறது, அது யாருக்காகவும் இறங்கி வராது. ஆனாலும் என்.பி.ஏ. என்கிற அமெரிக்கத் தொழில்முறை லீகில் மக்ஸி போக்ஸ் என்ற கார்டு 14 சீசன் ஆடினார், அவர் உயரம் 160 செண்டிமீட்டர். ஐந்தே கால் அடி. ஜப்பானின் யூகி கவமுரா 172 செண்டிமீட்டர், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரான்ஸ் அணிக்கு எதிராக 29 புள்ளி எடுத்தார், கூடுதல் நேரம் வரை போய்த்தான் ஜப்பான் தோற்றது, அந்த ஆண்டே அவரை என்.பி.ஏ.யின் மெம்பிஸ் அணி எடுத்துக்கொண்டது. அர்ஜென்டினாவின் ஃபகுண்டோ கம்பாஸோ 178 செண்டிமீட்டர். அவரைப் பற்றிப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

இவர்கள் எல்லாரும் வேகமானவர்கள், உண்மைதான். ஆனால் வேகத்தைவிடப் பெரிய விஷயம் நிறுத்தம். நெல்லையப்பர் தேரை இழுக்க ஆயிரக்கணக்கான பேர் வடம் பிடிக்கிறார்கள், ஆனால் அது எங்கே நிற்கும், எந்தப் பக்கம் திரும்பும் என்பது சக்கரத்தடியில் கட்டை போடுகிறவர் கையில். நல்ல கார்டு எதிராளியைத் தன் வேகத்துக்குப் பழக்கிவிட்டு, திடீரென்று கட்டை போட்டு நிற்பார். எதிராளி இரண்டடி தாண்டிப் போய்விடுவான். அந்த இரண்டடி போதும். குட்டையானவர்களுக்கு இதற்குத் தொடை பலமும் கணுக்கால் பலமும் மற்றவர்களைவிட அதிகம் வேண்டும், தடுப்பாட்டத்திலும் எதிரணி அவர்களைத் தேடிப்பிடித்துத்தான் தாக்கும், இதை மறைக்கக் கூடாது. ஐந்தரை அடிப் பையன் ஆறடிப் பையனைவிட இரண்டு மடங்கு நன்றாக ஆடினால்தான் அதே இடம் கிடைக்கும். கிடைக்கவே கிடைக்காது என்பது மட்டும் பொய்.

இனி அண்ணாச்சியின் கேள்விக்கு வருகிறேன். அப்படி ஒரு வேலை இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் வாசல் சின்னது. என்.பி.ஏ.யில் 30 அணிகள், ஓர் அணிக்கு வழக்கமான ஒப்பந்தத்தில் 15 பேர், அதோடு டூ-வே என்ற ஒப்பந்தத்தில் 3 பேர் வரை. டூ-வே ஆட்டக்காரர் மேலே உள்ள அணிக்கும் கீழே உள்ள ஜி லீக் அணிக்கும் நடுவில் போய் வந்துகொண்டிருப்பார். பத்து நாள் ஒப்பந்தம் என்றுகூட ஒன்று உண்டு, பத்து நாள் ஆடிக்காட்டு, பிடித்தால் வைத்துக்கொள்கிறோம். ஆண்டுதோறும் டிராஃப்ட் என்ற தேர்வு இரண்டு சுற்று நடக்கும், சுற்றுக்குச் சுமார் 30 பேர், உலகம் முழுவதற்கும் சேர்த்தே அவ்வளவுதான். அதில் பின்னால் எடுக்கப்பட்டவர்கள் வீணாகிவிடுவதும் இல்லை. பிரான்ஸில் வளர்ந்த கார்டு டோனி பார்க்கர் 2001ல் 28ஆவது ஆள், அர்ஜென்டினாவின் மனு ஜினோபிலி 1999ல் 57ஆவது ஆள். இரண்டு பேரும் சான் அன்டோனியோ அணியில் தலா நான்கு முறை சாம்பியன்.

அமெரிக்காவுக்கு வெளியே வாசல் கொஞ்சம் அகலம். ஸ்பெயின், துருக்கி, கிரீஸ், இத்தாலி, லித்துவேனியா, செர்பியா, சீனா, ஜப்பான், ஆஸ்திரேலியா என்று சம்பளம் கொடுக்கிற லீகுகள் நிறைய. ஐரோப்பாவின் பெரிய கிளப்புகள் சேர்ந்து ஆடுவது யூரோலீக், என்.பி.ஏ.வுக்கு அடுத்த தரம் அதுதான். அமெரிக்காவில் மாதிரிக் கல்லூரி அணியில் ஆடி மேலே வருகிற வழி அங்கே கிடையாது, கிளப்புகளே சின்ன வயதில் பிள்ளைகளைச் சேர்த்து வளர்க்கின்றன. ஸ்பெயினின் ரிக்கி ரூபியோ 2005ல் முதல் தரத் தொழில்முறை லீகில் இறங்கியபோது அவருக்கு வயது 14. ஸ்லோவேனியாவின் லூகா டோன்சிச் 16 வயதில் ரியல் மாட்ரிட் அணிக்கு இறங்கி, 2018ல் யூரோலீகின் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கிக்கொண்டு அமெரிக்காவுக்குப் போனார்.

வெளிநாட்டவருக்கு ஒரு தடையும் உண்டு. பல லீகுகளில் ஓர் அணியில் இத்தனை வெளிநாட்டு ஆட்டக்காரர்தான் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். ஆகவே வெளியூரிலிருந்து ஒரு கார்டைக் கொண்டுவரும் கிளப், உள்ளூர்க் கார்டைவிட அவர் தெளிவாக மேலே இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும். இரண்டு மாதம் சரியாக ஆடவில்லை என்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

சம்பளம் யார் கொடுப்பார்கள்? கிளப். எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம், பெரும்பாலானவர்களுக்கு ஓராண்டு, இரண்டாண்டு. ஐரோப்பாவில் பெரும்பாலும் வரி போகக் கைக்கு வருகிற தொகையைத்தான் பேசுவார்கள், அமெரிக்காவில் பேசுவது வரிக்கு முந்திய தொகை. இது தெரியாமல் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவர்கள் ஏமாந்துபோவார்கள். ஐரோப்பியக் கிளப் வழக்கமாக இருக்க வீடு, ஓட்டக் கார், ஊருக்குப் போய்வர விமான டிக்கெட் எல்லாம் சேர்த்தே கொடுக்கும். போய் இறங்கியதும் மருத்துவப் பரிசோதனை, அதில் தேறினால்தான் ஒப்பந்தம் உறுதி. நடுவில் பேசி முடிக்கிறவர் ஏஜென்ட், என்.பி.ஏ.யில் அவர் சம்பளத்தில் 4 சதவீதத்துக்கு மேல் எடுக்க முடியாது.

ஒரு நாட்டில் ஆடியவர் இன்னொரு நாட்டுக்கு மாறும்போது லெட்டர் ஆஃப் கிளியரன்ஸ் என்ற கடிதம் வேண்டும். அண்ணாச்சிக்கு இதை ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டேன்: டி.சி. பழைய பள்ளிக்கூடம் டி.சி. கொடுக்காமல் புதிய பள்ளியில் சேர முடியாது அல்லவா, அதேபோலப் பழைய நாட்டின் கூடைப்பந்துச் சம்மேளனம் "இவர் போகலாம், இங்கே ஒப்பந்தம் ஏதும் பாக்கி இல்லை" என்று எழுதிக்கொடுத்தால்தான் புதிய நாட்டில் பதிவு செய்வார்கள். உலகக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதி அது.

சம்பளம் நிலுவையில் நிற்பதும் நடக்கிற காரியம்தான். கிளப் நஷ்டத்தில் போகும், முதலாளி மாறுவார், நாலு மாதச் சம்பளம் நிற்கும். ஊர் தெரியாத இடத்தில், பாஷை தெரியாத கோர்ட்டில் போய் வழக்குப் போட ஓர் ஆட்டக்காரரால் ஆகுமா? அதற்காகவே ஃபிபா 2007ல் ஒரு நடுவர் மன்றம் ஏற்படுத்தியது, இப்போது அதன் பெயர் பாஸ்கெட்பால் ஆர்பிட்ரல் டிரிப்யூனல். ஒப்பந்தத்தில் அந்த மன்றத்தின் பெயரைச் சேர்த்து எழுதியிருந்தால்தான் அங்கே போகலாம். தீர்ப்பை மதிக்காத கிளப் புதிய ஆட்டக்காரர்களைச் சேர்க்க முடியாதபடி ஃபிபா தடை போடலாம். நான் ஒரு தகப்பனாக இருந்தால் சம்பள எண்ணைப் பார்ப்பதற்கு முன் ஒப்பந்தத்தில் அந்த ஒரு வரி இருக்கிறதா என்றுதான் பார்ப்பேன்.

இப்போது கம்பாஸோ. கொர்டோபாவில் 1991ல் பிறந்தவர், அர்ஜென்டினாவில் மார் டெல் பிளாட்டா ஊரின் பெனரோல் கிளப்பில் பெயர் எடுத்தார். 2014ல் ரியல் மாட்ரிட் கூப்பிட்டது. போனார், ஆனால் ஆடக் கிடைத்த நிமிஷங்கள் கொஞ்சம். அடுத்த ஆண்டு அவரை முர்சியா என்ற சின்ன கிளப்புக்கு இரவலாக அனுப்பிவிட்டார்கள், இரண்டு சீசன். நம் ஊரில் இப்படி நடந்தால் "அவ்வளவுதான், பையன் திரும்பிட்டான்" என்று பேச ஆரம்பித்துவிடுவோம். அந்த முர்சியாவில்தான் முழு ஆட்டமும் அவர் கையில் வந்தது, யாரிடம் எப்போது பந்தைக் கொடுப்பது என்று தப்பு செய்து செய்து பழக இடம் கிடைத்தது. 2017ல் மாட்ரிட் திரும்பக் கூப்பிட்டது, 2018ல் யூரோலீக் சாம்பியன், 2019 உலகக் கோப்பையில் அர்ஜென்டினாவுக்கு வெள்ளி. 2020ல் டென்வர் அணிக்காக என்.பி.ஏ. போனார், இரண்டு சீசன். 2022ல் டல்லாஸ் அணி சேர்த்தது, சில வாரங்களில் விடுவித்தது. உடனே செர்பியா, பெல்கிரேடின் ஸ்வெஸ்தா கிளப். 2023ல் மறுபடி மாட்ரிட்.

அந்தப் பாதையை ஒரு தாளில் வரைந்து பாருங்கள், ஏணி மாதிரி இருக்காது. ஜங்ஷனில் இறங்கி அம்பாசமுத்திரம் பஸ் பிடித்து, அங்கிருந்து பாபநாசம் போய், திரும்ப ஜங்ஷனுக்கே வந்து சேர்கிற மாதிரிதான் இருக்கும்.

ஆஸ்திரேலியாவின் பேட்டி மில்ஸ் கதையும் அதே ஜாடைதான். 2009ல் போர்ட்லேண்டு 55ஆவது ஆளாக எடுத்தது. 2011ல் முதலாளிகளுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் தகராறு வந்து என்.பி.ஏ. மூடிக் கிடந்தபோது மெல்போர்னில் ஆடினார், அப்புறம் சீனாவின் சின்ஜியாங்கில் ஆடினார், 2012ல் சான் அன்டோனியோ பெஞ்சில் கடைசி இடத்தில் போய் உட்கார்ந்தார். அங்கே அவர் துண்டைச் சுழற்றி அணிக்காரர்களை உற்சாகப்படுத்துகிறவராகத்தான் முதலில் அறியப்பட்டார். 2014 இறுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தில் இறங்கி 17 புள்ளி, சாம்பியன். டோக்கியோ ஒலிம்பிக்கின் வெண்கலப் போட்டியில் டோன்சிச்சின் ஸ்லோவேனியாவுக்கு எதிராக 42 புள்ளி அடித்து, ஆஸ்திரேலிய ஆண்கள் அணிக்கு முதல் ஒலிம்பிக் பதக்கம் வாங்கிக்கொடுத்தார். இன்னொருவர் பப்லோ பிரிஜியோனி, அவரும் அர்ஜென்டினாக்காரர், பல ஆண்டு ஸ்பெயினில் ஆடிவிட்டு 2012ல் நியூயார்க் அணிக்குப் போனபோது அவருக்கு 35 வயது. என்.பி.ஏ.யில் அவ்வளவு வயதில் ஒருவர் புதுமுகமாக வருவது மிக அபூர்வம்.

ஏன் கார்டுகளுக்கு மட்டும் பாதை இப்படி வளைகிறது? என் எண்ணம் இதுதான். ஏழடி சென்டர் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போனால், அந்த ஏழடி முதல் நாளிலேயே கூடப் போய்விடும். கார்டின் சரக்கு மற்ற நாலு பேரையும் தெரிந்துவைத்திருப்பது, அதைப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோக முடியாது. புதிய கிளப்பில் சென்டருக்குப் பந்து மார்பு உயரத்தில் வேண்டுமா தலைக்கு மேல் வேண்டுமா, மூலையில் நிற்கிறவன் ஓடிக்கொண்டே போடுவானா நின்று போடுவானா, கோச் கையை மடக்கினால் எந்த ஆட்டமுறை, இதெல்லாம் முதலிலிருந்து படிக்க வேண்டும். கல்யாண மண்டபம் மாறினால் பந்தி விசாரிக்கிறவருக்குச் சமையற்கட்டு எந்தப் பக்கம் என்றே தெரியாதல்லவா. பாஷை வேறு. செர்பியனிலோ ஸ்பானிஷிலோ "இடது, வலது, மேலே வா, மாற்றிக்கொள்" என்ற இருபது முப்பது வார்த்தையாவது முதல் வாரத்தில் பழகாத கார்டு ஊமை மாதிரி நிற்க வேண்டியிருக்கும்.

விதிகளும் கொஞ்சம் மாறும். ஃபிபா ஆட்டம் 10 நிமிஷம் வீதம் நான்கு பகுதி, என்.பி.ஏ. 12 நிமிஷம். மூன்று புள்ளிக் கோடு (அதற்கு வெளியே நின்று போட்டால் மூன்று புள்ளி) ஃபிபாவில் கூடைக்கு நேர் எதிரே 6.75 மீட்டர், என்.பி.ஏ.யில் 7.24 மீட்டர், அந்த அரை மீட்டருக்காகவே ஒரு கோடைக்காலம் முழுக்கத் தோளைப் பழக்குகிறார்கள். என்.பி.ஏ.யில் யாரையும் மறிக்காமல் கூடைக்கு அடியில் மூன்று விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது, ஃபிபாவில் நிற்கலாம். அதனால் ஐரோப்பாவில் கூடையடி எப்போதும் நெரிசல், கார்டுக்குக் கால் வேகத்தைவிட யோசனை அதிகம் தேவைப்படும்.

உடம்பு. கணுக்கால் பிசகுவது கார்டுகளுக்கு அன்றாடம். முழங்காலின் உள்நார் அறுந்துபோவதுதான் பெரிய பயம், திரும்பி வர ஒன்பது மாதத்திலிருந்து ஓராண்டு ஆகும். டெரிக் ரோஸ் 2011ல் 22 வயதில் என்.பி.ஏ.யின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கினார், அந்த வயதில் வேறு யாரும் வாங்கியதில்லை. அடுத்த ஆண்டு ஏப்ரலில் முழங்கால் போயிற்று, அடுத்த சீசன் முழுக்க ஆடவில்லை. அப்புறமும் பல ஆண்டு ஆடினார், அந்தப் பழைய பாய்ச்சல் மட்டும் வரவில்லை.

மனசும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பாதிதான். 14 வயதில் ஆரம்பித்த ரூபியோ, 2019 உலகக் கோப்பையில் ஸ்பெயின் சாம்பியன் ஆனபோது தொடரின் சிறந்த ஆட்டக்காரர். 2023ல் மன நலனுக்காக ஆட்டத்தை நிறுத்திவைக்கிறேன் என்று தானே சொன்னார், 2024 ஜனவரியில் என்.பி.ஏ. வாழ்க்கையை முடித்துக்கொண்டார், சில வாரம் கழித்துப் பார்சிலோனாவில் மறுபடி பந்தைத் தொட்டார். ஒரு பிள்ளையை வெளியூருக்கு அனுப்புகிற பெற்றோர் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். தனி ஃப்ளாட், குளிர், தொலைபேசியில் வீட்டுக் குரல், தோற்ற அன்றைக்கு ராத்திரி பேச ஆள் இல்லாமை, எல்லாம் இந்த வேலையின் பகுதிதான்.

பெண் பிள்ளைகள் வைத்திருக்கிறவர்களுக்கு பெக்கி ஹாமன் கதையைத்தான் நான் எப்போதும் சொல்வது. 168 செண்டிமீட்டர். 1999ல் அமெரிக்கப் பெண்கள் லீகின் டிராஃப்டில் அவரை யாருமே எடுக்கவில்லை. சொந்த நாட்டு ஒலிம்பிக் அணியிலும் இடம் கிடைக்காதபோது ரஷ்யக் குடியுரிமை பெற்று, 2008 பெய்ஜிங்கில் ரஷ்யாவுக்காக வெண்கலம் வென்றார். 16 வயதுக்கு மேல் குடியுரிமை வாங்கியவர் ஓர் அணியில் ஒருவர்தான் இருக்கலாம் என்பது ஃபிபா விதி, அந்த ஒரு இடத்துக்கும் பல நாடுகள் கார்டைத்தான் தேடுகின்றன.

எத்தனை வயது வரை என்ற கேள்விக்கு, முப்பத்தைந்தை ஒட்டி என்று வைத்துக்கொள்ளலாம், சிலர் நாற்பதையும் தொடுகிறார்கள். அதற்குப் பிறகு கார்டுகள் நிறையப் பேர் கோச் ஆகிறார்கள், இருபது வருஷம் மற்றவர்களைப் பார்த்தே ஆடியதன் பலன் அது. லித்துவேனியாவின் சரூனாஸ் யாசிகேவிசியஸ் கார்டாக நான்கு முறை யூரோலீக் வென்றார், 2025ல் ஃபெனர்பாச்சே அணியின் கோச்சாக மறுபடி வென்றார். ஹாமன் லாஸ் வேகஸ் பெண்கள் அணிக்குக் கோச்சாகி 2022லும் 2023லும் சாம்பியன் ஆக்கினார்.

நம் நாட்டு நிலைமையையும் சொல்லிவிடுகிறேன், அதில் ஆசை காட்டக் கூடாது. 2015ல் டல்லாஸ் அணி எடுத்த சத்னாம் சிங் சென்டர், ஏழடிக்கு மேல். கார்டு என்று பார்த்தால் வாரணாசியின் விசேஷ் பிருகுவன்ஷி, 2017ல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு அணியோடு ஒப்பந்தம் போட்டவர். சென்னையின் அனிதா பால்துரை இந்தியப் பெண்கள் அணியின் தலைவராக ஆடி, 2021ல் பத்மஸ்ரீ பெற்றார். இங்கே ஒரு நல்ல கார்டின் வழக்கமான பாதை மாவட்ட அணி, மாநில அணி, விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி, பிறகு ரயில்வேயிலோ வங்கியிலோ வேலை. அது நிரந்தரச் சம்பளம், ஓய்வுக்குப் பிறகும் வீடு நடக்கும். அதை இரண்டாந்தரமாக நான் நினைக்கவில்லை, அண்ணாச்சியிடமும் அப்படித்தான் சொன்னேன். வெளிநாட்டை முதல் திட்டமாக வைத்தாலும் படிப்பை விடக் கூடாது, பிறப்புச் சான்றிதழில் பெயரும் தேதியும் பள்ளிச் சான்றிதழோடு ஒத்துப்போக வேண்டும், ஏனென்றால் வயதுப் பிரிவுப் போட்டிகளில் முதலில் கேட்பது அதைத்தான்.

நம் ஊருக்கே உரிய சங்கடங்களும் உண்டு. வெட்டவெளிக் கோர்ட், ஆனி ஆடிக் காற்றில் தூரத்திலிருந்து போடுகிற பந்து ஒரு சாண் விலகிப் போகும், அதற்குத் தக்க மாதிரிக் கையைப் பழக்கினால் உள்ளரங்கில் போய்த் தப்பும். ஆகவே அந்த இரண்டு மாதம் நான் தூர ஷாட்டைக் குறைத்து, பந்து தட்டுவதையும் பாஸ் கொடுப்பதையும்தான் செய்யவைப்பது. சிமெண்டில் புதுப் பந்தின் சொரசொரப்பு ஒரே சீசனில் வழுவழுவென்று ஆகிவிடும், வேர்த்த கையில் நிற்காது. முழங்காலுக்கும் சிமெண்டு எதிரி, குதிக்கிற பயிற்சியை மண் தரையில்தான் வைக்க வேண்டும்.

அன்றைக்கு எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அண்ணாச்சி கிளம்பினார். ரெண்டு எட்டு வைத்தவர் நின்று திரும்பினார்.

"சார், ஒண்ணு கேக்க மறந்துட்டேன். கடையில ஒத்தாசைக்கு நிக்கும்போது ஒரு மாசமா இவன் இடது கையாலயே பொட்டலம் மடிக்கான். பருப்பெல்லாம் கொட்டுது. இடது கையாலயே ஆளுக்குக் குடுக்கவும் செய்யுதான், வாரவங்க மூஞ்சி சுளிக்காங்க. நான் ரெண்டு தடவ ஏசிட்டேன். அதுவும் இந்தப் பந்துக்குத்தானா?"

நான் பையனைப் பார்த்தேன், அவன் தரையைப் பார்த்தான். இடது கைக்குத்தான் அண்ணாச்சி, நான்தான் சொன்னேன் என்றேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். மடிக்கிறது இடது கையிலேயே இருக்கட்டும், கொடுக்கிறது மட்டும் வலது கையில் என்று முடிவானது. கொட்டுகிற பருப்பைப் பையனே பொறுக்க வேண்டும்.